மூன்றுக்குள் வந்தால் ப்ளேன்

இதை எழுத எனக்குத் தகுதி உண்டா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். கடிதம் எழுத உட்கார்ந்தால்கூட, "நலம், நலமறிய ஆவல்" என்பதற்குப் பிறகு என்ன எழுதுவது என்று தெரியாமல் பேனாவைக் கடித்துக்கொண்டிருப்பேன். நாலு பேர் நடுவில் பேசச் சொன்னால் பின்வாசலைத் தேடுவேன். ஆனால் போன மாதம் எங்கள் வாசகசாலை ஆண்டு விழாவில் என்னை மேடைக்கு இழுத்து, "சர்வதேச ஓட்ட வீரர்" என்று அறிமுகப்படுத்தி, மாலையும் போட்டுவிட்டார்கள். நான் அங்கேயே மறுத்திருக்க வேண்டும். மைக்கைப் பார்த்ததும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு இறங்கிவிட்டேன். மேடையில் சொல்ல முடியாததைத் தாளில் சொல்லிவிடுகிறேன். வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சர்வதேசம் என்பது முழுப் பொய்யும் இல்லை. மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த மறு வருஷம் நான் சிங்கப்பூரில் ஓடினேன். அப்போது மலாயா சுதந்திர நாடு. சிங்கப்பூர் இன்னும் வெள்ளைக்காரன் கையில் இருந்தது. ஆகவே அது வெளிநாடு. சில வருஷம் கழித்து சிங்கப்பூர் மலேசியாவோடு சேர்ந்தது. அன்றைக்கு நான் உள்ளூர் ஓட்டக்காரன் ஆகிவிட்டேன். பிறகு அது பிரிந்து போனது. நான் மறுபடியும் சர்வதேசம் ஆனேன். இதில் எதிலும் என் முயற்சி இல்லை. நான் ஓடியது ஒரே ஒரு தடவைதான்.

அப்போது நான் முனிசிபல் சுகாதாரப் பிரிவில், கொசுவை ஒழிக்கச் சாக்கடைகளுக்கு எண்ணெய் அடிக்கும் வேலையில் இருந்தேன். முதுகில் எண்ணெய் டாங்கி, கையில் குழாய். மலாக்கா டவுனில் உள்ள சாக்கடைகளெல்லாம் எனக்குத் தெரியும். எதை எந்த இடத்தில் தாண்டலாம், எதைச் சுற்றிப் போக வேண்டும் என்பதைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்வேன். வாரத்தில் ஒரு நாள் பத்து பெரெண்டாம் என்ற ஊரில் விமானத் திடலைச் சுற்றியுள்ள சாக்கடைக்குப் போவோம். அங்கே வேலை மெதுவாகத்தான் நடக்கும். காரணம் நான்தான். ப்ளேன் இறங்கினால் குழாயைக் கீழே போட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டு நிற்பேன். கதவு திறக்கும், ஏணி வரும், வேட்டி கசங்காமல் செட்டியார் ஒருவர் இறங்குவார். ஒரே ஒரு தரம் அந்த ஏணியில் ஏறிப் பார்க்க வேண்டும் என்று எனக்கு அப்படி ஓர் ஆசை. யாரிடமும் சொன்னதில்லை. என் மனைவியிடம் மட்டும் சொன்னேன்.

"ஏறிப் போயி எங்க எண்ண அடிக்கப் போறீங்க?" என்றாள்.

ஒரு நாள் செமாபோக் பக்கம் ஒரு சீனருடைய காய்கறித் தோட்டத்தை ஒட்டி எண்ணெய் அடித்துக்கொண்டிருந்தேன். அவர் காவலுக்கு வாத்து வளர்த்தார். பெரிய வெள்ளை வாத்து. நாயைக் கண்டு நான் பயப்பட மாட்டேன். ஆனால் அந்த வாத்து கழுத்தை நீட்டிக்கொண்டு வந்த வேகத்தில் எனக்கு எதுவும் தோன்றவில்லை. முதலில் ஒரு வேலி, அதை ஒட்டினாற்போல் பெரிய சாக்கடை. இரண்டையும் ஒரே தாவில் தாண்டி அந்தப் பக்கம் நின்றேன். டாங்கியில் எண்ணெய் நிரம்ப இருந்தது.

அந்தப் பக்கம் எங்கள் ஆபீஸ் கிராணி சைக்கிளை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். குமாஸ்தாவை எங்கள் ஊரில் கிராணி என்போம். இவருக்கு என்னைவிட நாலைந்து வயதுதான் கூட. ஆனால் உடம்பு என்னைப்போல் இரண்டு மடங்கு. விளையாட்டு மன்றத்துக்கு அவர்தான் செயலாளர். ஓடி நான் பார்த்ததில்லை.

"தம்பி, இன்னொரு தரம் தாண்டு," என்றார்.

"வாத்து இல்லாம வராது கிராணியா," என்றேன்.

மறுநாள் அவர் ஒரு விதிப் புத்தகத்தோடு என் வீட்டுக்கே வந்துவிட்டார். காஜா பெராங்கில், கம்போங் செட்டி என்ற குடியிருப்புக்குப் பின்னால் எங்கள் வாடகை வீடு. ஸ்டீபிள்சேஸ் என்று ஓர் ஓட்டம் இருக்கிறது, மூவாயிரம் மீட்டர், வழியில் மூன்றடி உயரத் தடைகள், ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தடைக்குப் பின்னால் பன்னிரண்டடிக்குத் தண்ணீர்க் குழி என்று விளக்கினார். நாட்டில் யாரும் இதை ஓட முன்வரவில்லையாம். ஆகவே நான் ஓடினால் தேர்வாகிவிடுவேனாம். சிங்கப்பூரில் போட்டி. அதில் முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் அடுத்து பாங்காக்கில் நடக்கும் போட்டிக்கு அனுப்புவார்களாம்.

"பாங்காக்குக்கு எப்படிப் போவாங்க?" என்று கேட்டேன். அன்றைக்கு நான் கேட்ட ஒரே கேள்வி அதுதான்.

"ப்ளேன்லதான். மூணுக்குள்ள வந்தா ப்ளேன். நாலாவது வந்தா பஸ்ஸு, நேரா காஜா பெராங்."

என் மனைவி உள்ளிருந்து, "இந்த ஓட்டத்த மொதல்ல யாரு ஓடுனது?" என்றாள்.

கிராணி பொய் சொல்லத் தெரியாதவர். "இங்கிலாந்துல குதிரைங்க ஓடுனது."

"அப்ப குதிரையையே கேளுங்க."

ஆனாலும் நான் சரி என்று தலையாட்டிவிட்டேன். இல்லை என்று சொல்ல எனக்கு எப்போதும் வராது. தவிர ப்ளேன்.

பயிற்சிக்குத் தடை வேண்டும். சாதாரண ஹர்டில் தட்டினால் விழுந்துவிடும், ஸ்டீபிள்சேஸ் தடை விழக்கூடாது, கனமான மரமாக இருக்க வேண்டும் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. அப்படி மரம் வாங்க மன்றத்தில் யாரும் தயாரில்லை. கம்போங் செட்டியில் எங்கள் வேலிக்கு அடுத்த வீட்டுக்காரர் ஒரு தச்சர். செட்டி சமூகத்தவர், மலாக்காவில் பல தலைமுறைக்கு முன்பே குடியேறியவர்கள். அவர்கள் நம்மைப்போல் சாமி கும்பிடுவார்கள், வாசலில் மாவிலை கட்டுவார்கள், ஆனால் பேசுவது மலாய். அதில் நடுநடுவே நம் சொற்கள் தலைகாட்டும். "தம்பி" என்பது அதில் ஒன்று. நாங்கள் அவரைப் பாக்சிக் என்று கூப்பிடுவோம், பெரியப்பா மாதிரி. அப்போது அவர் தம் வீட்டு வாசல் நிலையை மாற்றிக்கொண்டிருந்தார். பழைய வாசற்படி செங்கால் என்ற மரம். இரும்பு மாதிரி. அதைத் தூக்கி எறிய மனமில்லாமல் சுவரில் சாத்தி வைத்திருந்தார். கிராணி போய்க் கேட்டதும் உடனே தந்தார். தாமே வந்து, வீட்டுக்குப் பின்னால் ஓடும் பெரிய சாக்கடைக் கரையில் இரண்டு கால் நட்டு, மூன்றடி உயரத்தில் அதைப் பொருத்தியும் கொடுத்தார். ஒரே ஒரு நிபந்தனை.

"ஜங்ஙான் பீஜாக்," என்றார். மிதிக்கக் கூடாது.

நாலு தலைமுறை தாண்டிப் போன வாசற்படி, ஒருவர் கால் வைத்ததில்லை, இப்போது நீ வைக்காதே என்று விளக்கமாகச் சொன்னார். எனக்குச் சொல்ல வேண்டியதே இல்லை. வாசற்படியில் நான் எப்படிக் கால் வைப்பேன்? வீட்டில் அடி வாங்கி வளர்ந்தவன்தானே நானும்.

கிராணி மட்டும் விழித்தார். அவர் புத்தகத்தைப் பிரித்துக் காட்டினார். தண்ணீர்க் குழித் தடையை எல்லாரும் மிதித்துத்தான் தாண்டுவார்களாம். ஓடி வந்து ஒரு காலை மரத்தின்மேல் வைத்து, உந்தி, தண்ணீரின் ஓரத்தில் மறு காலை ஊன்றி ஓட வேண்டும். படம் கூட இருந்தது. படத்தில் இருந்த வெள்ளைக்காரர் மரத்தின்மேல் ஷூ காலோடு நின்றுகொண்டிருந்தார்.

"இவுங்க வீட்டுல சொல்லிக் குடுக்கல போல," என்றாள் என் மனைவி.

அந்த வெள்ளிக்கிழமை அவள் எங்கள் வாசற்படிக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தாள். கிண்ணத்தில் கொஞ்சம் மீதி இருந்தது. பின்பக்கம் இன்னொரு வாசற்படி இருக்கிறதே என்று அதற்கும் பூசிவிட்டாள். அடுத்த வெள்ளி பாக்சிக்கின் மனைவி ஒரு செம்பருத்திப் பூவை வைத்தார். அதற்கடுத்த வாரம் பாசாருக்குக் காய்கறி வாங்கப் போகும் பெண்கள் அந்தப் பக்கமாக வந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போக ஆரம்பித்தார்கள். யாரோ ஊதுபத்தி செருகினார்கள். நான் காலையில் பயிற்சிக்குப் போனால் முதலில் ஊதுபத்திச் சாம்பலை ஊதித் தள்ள வேண்டியிருந்தது.

கிராணிக்குப் பொறுக்கவில்லை. "இது ஹர்டில்யா, கோயில் இல்ல! மிதி. ஒரு தரம் மிதிச்சுட்டா பயம் போயிரும்."

நான் ஓடி வந்தேன். மிதிக்கத்தான் நினைத்தேன். ஆனால் மஞ்சளைக் கண்டதும் கால் தானாக மேலே எழும்பி, மரத்தைத் தொடாமல் போய்விட்டது. நடுச் சாக்கடையில் விழுந்தேன். எழுந்து வந்து மறுபடி ஓடினேன். மறுபடி அதேதான்.

"தள்ளு. நான் காட்டுறேன்," என்றார் கிராணி.

அன்று வெள்ளிக்கிழமை. மஞ்சள் ஈரம் காயவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் பாக்சிக் இழைப்புளியை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். என் மனைவி கையில் கிண்ணத்தோடு நின்றாள். கிராணி கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டினார். மூச்சை இழுத்தார். ஓடி வந்து வலது காலைத் தூக்கி மரத்தின்மேல் வைத்தார். மஞ்சளும் எண்ணெயும் குழைத்துப் பூசிய மரம் அது. கால் ஒரு பக்கம் போனது, அவர் ஒரு பக்கம் போனார். சாக்கடையில் உட்கார்ந்த நிலையிலேயே விழுந்தார். கழுத்தளவு வரவில்லை, வயிற்றளவுதான். ஆனால் அது நான் முந்தின நாள்தான் கொசு எண்ணெய் அடித்த சாக்கடை.

பாக்சிக் மறுபடி இழைக்கத் தொடங்கினார்.

"சோப்பு கொண்டாரட்டுமா கிராணியா?" என்றாள் என் மனைவி. அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. பார்த்தால் நானும் சிரித்துவிடுவேன்.

அதற்குப் பிறகு கிராணி மிதிக்கச் சொல்லவில்லை. "தொடாமயே தாண்டு. அதான் நமக்கு ஸ்டைலு," என்றார். அடுத்த வெள்ளி அவரும் கிளம்பும்போது யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து மரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் பார்த்தேன்.

கோலாலம்பூரில் தேர்வு ஓட்டம் நடந்தது. அதற்குள் இன்னும் இருவர் பெயர் கொடுத்திருந்தார்கள்; என்னோடு சேர்த்து மூன்று பேர். ஒருவர் வயிற்றுப்போக்கு என்று வரவில்லை. இன்னொருவர் முதல் தண்ணீர்க் குழியிலேயே கணுக்காலைப் பிசகிக்கொண்டார். மீதி ஆறு சுற்றையும் நான் தனியாக ஓடினேன். ஏழு குழியையும் மரத்தைத் தொடாமல் தாண்டினேன். முடித்தபோது தேர்வாளர்களில் ஒருவர் தேநீர் குடிக்கப் போயிருந்தார். தேர்வாகிவிட்டேன்.

புது நாட்டின் பெயர் போட்ட பனியன் ஒன்று கொடுத்தார்கள். குண்டு எறிகிறவருக்குத் தைத்தது போலிருக்கிறது. எனக்கு முழங்கால்வரை வந்தது. என் மனைவி இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்தாள். தைக்கும்போது நாட்டின் பெயரில் கடைசி எழுத்து அக்குளுக்குள் போய்விட்டது. கையைத் தூக்கினால்தான் தெரியும்.

சிங்கப்பூருக்கு பஸ்ஸில் போனோம், கிராணியும் நானும். மூவாரில் பஸ் ஃபெரியில் ஏறி ஆற்றைக் கடந்தது. பத்து பகாட் ஊரிலும் அப்படியே. கிராணி வழியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தார். ஓடுகிறவர்கள் ஐந்து பேர். ஒரு வெள்ளைக்காரச் சிப்பாய், நெட்டையானவர். அவரை விட்டுவிட வேண்டும். சயாமிலிருந்து ஒருவர். அவரையும் விட்டுவிடலாம். மற்ற இருவர் சிங்கப்பூர் போலீஸ்காரர்கள். அவர்கள் இருவரையும் முந்தினால் மூன்றாம் இடம்.

"ப்ளேன்ல ஜன்னலோரம் கேட்டு வாங்கு," என்றார்.

"கேக்க மாட்டேன் கிராணியா. குடுத்த எடத்துல உக்காந்துக்குறேன்."

"அட, கேட்டாத்தான் தருவான்."

அந்தத் திடலில் அவ்வளவு கூட்டத்தை நான் பார்த்ததில்லை. எல்லாரும் என்னையே பார்ப்பது போலிருந்தது. உண்மையில் யாரும் பார்க்கவில்லை என்று இப்போது தெரிகிறது. கோட்டில் நின்றபோது தண்ணீர்க் குழித் தடையைப் பார்த்தேன். வெள்ளைச் சாயம் அடித்த புது மரம். மஞ்சள் இல்லை, பொட்டு இல்லை. எனக்குப் பாவமாக இருந்தது.

துப்பாக்கி வெடித்தது. சிப்பாயும் சயாம்காரரும் முதலிலேயே போய்விட்டார்கள். கிராணி சொன்னபடி நான் அவர்களை விட்டுவிட்டேன். போலீஸ்காரர்களில் ஒருவர் மூன்றாம் சுற்றில் மூச்சு வாங்கிப் பின்தங்கினார். இன்னொருவர் எனக்குச் சரியாகப் பக்கத்தில் ஓடினார். அவர் ஒவ்வொரு குழியிலும் மரத்தை மிதித்துச் சுகமாகப் போனார். நான் ஒவ்வொன்றையும் தொடாமல் பாய்ந்தேன். பாயும்போது முந்துவேன். ஆனால் ஒவ்வொரு பாய்ச்சலும் கால் பலத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு போயிற்று. ஆறாவது குழியில் குதிகால் மரத்தை உரசாமல் தப்பியது எப்படி என்று எனக்கே தெரியாது.

கடைசிச் சுற்று. நான் மூன்றாவது. பக்கத்தில் ஓடிய போலீஸ்காரர் இப்போது பத்து கஜம் பின்னால். ஏழாவது தண்ணீர்க் குழியைத் தாண்டினால் ஒரே ஒரு தடை, பிறகு முடிவுக் கோடு. மேடைப் பக்கமிருந்து கிராணியின் குரல் கேட்டது. "ப்ளேனு! ப்ளேனு!" என்று மட்டும் கத்திக்கொண்டிருந்தார்.

நான் எழும்பினேன். கால்கள் எழும்பவில்லை. ஊறின துணி மாதிரி தொங்கின. வலது பாதம் மரத்தின்மேல் போய் உட்கார்ந்தது. மிதித்துவிட்டேன். உண்மையைச் சொல்ல வேண்டும், எவ்வளவு சுலபமாக இருந்தது! மரம் அப்படியே தாங்கி என்னைத் தண்ணீருக்கு மேலே அனுப்பியது. இவ்வளவு சுலபமான விஷயத்தை ஆறு தடவை செய்யாமல் விட்டோமே என்று தோன்றியது. தண்ணீரில் இறங்கினேன். அடுத்த கணம் நான் என்ன செய்தேன் என்பதை நான் யோசித்துச் செய்யவில்லை. புத்தகத்தில் கால் பட்டால் கை தானாகப் போகுமே, அப்படித்தான். திரும்பினேன். குழி தடையை ஒட்டின பக்கம் ஆழம். தொடையளவு தண்ணீரில் இரண்டு எட்டு பின்னால் நடந்து போய், மரத்தைத் தொட்டு, வலது கண்ணிலும் இடது கண்ணிலும் ஒற்றிக்கொண்டேன்.

அப்போது போலீஸ்காரர் அந்த மரத்தை மிதித்து என் தலைக்கு மேலே போனார்.

"கும்புட்டது போதும்யா, ஓடு!" என்று கிராணி கத்தினார். ஓடினேன். போலீஸ்காரர் முதுகை எட்டும் அளவுக்கு ஓடினேன். கோட்டைத் தாண்டும்போது அவருக்கும் எனக்கும் நடுவே ஒரு கை நீளம்தான் இருந்தது. நான் நாலாவது.

நான் கண்ணைத் தொட்டதைப் பார்த்து முதலுதவிக்காரர் ஒருவர் ஓடி வந்தார். கண்ணில் ஏதோ அடித்துவிட்டது என்று நினைத்துவிட்டார். படுக்க வைத்து இரண்டு கண்ணிலும் சொட்டு மருந்து விட்டார். அதனால் பதக்கம் கொடுத்ததை நான் சரியாகப் பார்க்கவில்லை. மங்கலாக மூன்று பேர் நின்றார்கள். மூன்றாவது உருவம் போலீஸ்காரர் என்று நினைக்கிறேன்.

திரும்பும்போது மூவார் ஃபெரிவரை கிராணி விதிப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே வந்தார். ஃபெரியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவர், மெதுவாக, "நீ மிதிச்சப்ப நானும் கன்னத்துல போட்டுக்கிட்டேன்," என்றார். "யார்கிட்டயும் சொல்லாத."

இவ்வளவு நாள் சொல்லவில்லை. அவர் காலமாகிவிட்டார். இப்போது சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

வீட்டுக்கு வந்தபோது சாயங்காலம். பின்பக்கம் மரத்துக்குப் புது மாவிலை கட்டியிருந்தது. பாக்சிக்கும் அவர் மனைவியும் வேலியோரம் நின்றார்கள். என் மனைவி என் பையை வாங்கிக்கொண்டாள்.

"எத்தனாவது?"

"நாலாவது."

"எத்தன பேருல?"

"அஞ்சு."

"ம். ஒருத்தர முந்திட்டீங்க. அப்ப ப்ளேனு?"

இல்லை என்று தலையை ஆட்டினேன். பாக்சிக் வேறெதுவும் கேட்கவில்லை. "மிதித்தாயா தம்பி?" என்று மட்டும் மலாயில் கேட்டார். ஒரு தடவை, கடைசியில், கால் வரவில்லை, ஆனால் உடனே திரும்பித் தொட்டுக் கும்பிட்டேன், அதில்தான் மூன்றாம் இடம் போனது என்று ஒருவாறு சொல்லி முடித்தேன். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

அவர் வேலிமேல் கையை ஊன்றினார்.

"அது யார் வீட்டு வாசற்படி?" என்றார்.

"வீடு இல்ல பாக்சிக். திடல்."

"பிறகு? அது வெறும் மரம்தானே? அதை மிதிக்கலாமே. நான் இதைத்தானே மிதிக்காதே என்றேன்!"

நான் என் மனைவியைப் பார்த்தேன். அவளாவது என் பக்கம் பேசுவாள் என்று நினைத்தேன்.

"ஆமாங்க," என்றாள் அவள். "சாயம் அடிச்ச பலகதான? அத மிதிச்சா என்னா?"

மறுநாள் பத்து பெரெண்டாமில் எண்ணெய் அடிக்கும் முறை. போனேன். பத்து மணிக்கு ஒரு ப்ளேன் வந்து இறங்கியது. குழாயைக் கீழே போட்டுவிட்டு, ஏணி வரும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். திடலின் கிழக்குப் பக்கச் சாக்கடை பன்னிரண்டு மணிக்குத்தான் முடிந்தது.